அறிவியல் வகுப்புக்கு எதை எடுத்துப் போவது, எங்கே நிறுத்துவது

ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் நீங்கள் கேட்டது இது: பிள்ளைகளை ஈர்க்கிற காணொளி, சோதனை, வலைத்தளம் எல்லாம் எங்கே கிடைக்கும்? கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தீர்கள். தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, போட்டுக் காட்டினால் கைதட்டுகிறார்கள், அடுத்த வாரம் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை என்று. உங்கள் கேள்வியே அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கொட்டிக் கிடப்பதில் எதை எடுப்பது, எடுத்ததை வைத்து வகுப்பில் என்ன செய்வது? இதற்குப் பதில் சொல்கிறேன், கிடைக்கும் இடங்களை வழியில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் என் எல்லை. 11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் இயற்பியலும் வேதியியலும் எடுத்தவன் நான். சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்ததில்லை. உயிரியல் எனக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கைதட்டலுக்கும் கற்றலுக்கும் இடையே இருக்கும் ஓட்டையை நீங்கள் மட்டும் பார்க்கவில்லை. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூரின் குழு 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வகுப்பில் ஆசிரியர் செய்து காட்டும் சோதனைகளைச் சில மாணவர்கள் சும்மா பார்த்தார்கள். சிலர் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தார்கள். சிலர் சொல்லி, பார்த்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் செய்தார்கள். இன்னும் சிலருக்குச் சோதனையே காட்டப்படவில்லை. பின்னால் கேட்டபோது, சும்மா பார்த்தவர்களின் புரிதல் பார்க்காதவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி மேலாக இல்லை. முன்கூட்டிச் சொன்னவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். அதற்குக் கூடுதலாகச் செலவானது சில நிமிடங்கள்தான். இதைப் படித்த அன்று, அதுவரை நான் செய்து காட்டிய வாணவேடிக்கைகளை எல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

காணொளிக்கும் இதே கதைதான். பின்னாளில் யூடியூபில் வெரிட்டாசியம் என்ற அறிவியல் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதைச் சோதித்திருக்கிறார். விஷயத்தைச் சுத்தமாக, குழப்பமில்லாமல் விளக்கும் படத்தைப் பார்த்த மாணவர்கள் “தெளிவாக இருந்தது” என்றார்கள். மதிப்பெண் ஏறவில்லை. வழக்கமான தவறான எண்ணத்தை ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதோடு மல்லுக்கட்டும் படத்தைப் பார்த்தவர்கள் “குழப்பமாக இருந்தது” என்றார்கள். மதிப்பெண் ஏறியது. தெளிவான படத்தைப் பார்க்கும்போது, ஏற்கெனவே தலையில் இருக்கும் தவறான எண்ணத்தோடு அது ஒத்துப்போவதாகவே பிள்ளை நினைத்துக்கொள்கிறது. இடிக்கிறது என்பதே உறைப்பதில்லை.

இந்த இரண்டு ஆய்வும் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தவை. 12 வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என் வகுப்புகளில் பார்த்த அளவில் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

ஆகவே எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றை: இதில் நிறுத்துமிடம் இருக்கிறதா? அதாவது, முடிவு தெரிவதற்குச் சற்று முன் நான் கையை உயர்த்தி, “இப்போது என்ன ஆகும், நோட்டில் எழுதுங்கள்” என்று சொல்ல ஓர் இடம். அந்தக் கேள்விக்குப் பாதி வகுப்பாவது தவறாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் சரியாகச் சொல்லிவிடும் சோதனையால் வகுப்புக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. யாராலும் ஊகிக்கவே முடியாத சோதனை மந்திர வித்தை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் நமக்கு வேண்டியவை. எழுத வைப்பது முக்கியம். வாயால் கேட்டால் முதல் பெஞ்சில் இரண்டு பேர் சொல்வார்கள், மற்றவர்கள் “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்பார்கள்.

செலவில்லாத உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு நூல், ஒரு இரும்பு நட்டு. ஊசல். 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு முழு அலைவு ஏறக்குறைய 1 நொடி. பத்து அலைவுகளை எண்ணிப் பத்தால் வகுக்கச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் அளந்தால் கைப்பிழையே பெரிதாகிவிடும். அப்புறம் நிறுத்துமிடம்: இன்னொரு நட்டையும் கட்டினால் வேகமாக ஆடுமா, மெதுவாகவா? கனமானது வேகமாக ஆடும் என்று கைகள் உயரும். ஆட்டிப் பார்த்தால் நேரம் மாறுவதில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் நட்டை முதல் நட்டுக்குக் கீழே தொங்கவிட்டால் ஊசலின் நீளம் கூடிவிடும், நேரமும் கொஞ்சம் கூடும், “பார்த்தீர்களா, எடை மெதுவாக்குகிறது” என்று ஒருவன் எழுந்து நிற்பான். அவன் சொல்வதில் நியாயமும் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் கட்டுங்கள். அல்லது வேண்டுமென்றே கீழே கட்டிவிட்டு, ஏன் இப்படி ஆனது என்று அவர்களையே தேட விடுங்கள். அடுத்த நிறுத்துமிடம் இன்னும் நல்லது: 1 நொடி ஊசலை 2 நொடி ஊசலாக்க நூல் எவ்வளவு நீளம் வேண்டும்? இரண்டு மடங்கு என்பார்கள். கட்டிப் பார்த்தால் போதாது. நான்கு மடங்கு, 1 மீட்டர் வேண்டும். ஒரு நூலுக்குள் ஒரு முழு வகுப்புக்கு விஷயம் இருக்கிறது.

இன்னொன்று, சூரியக் குடும்ப நடை. 1 செ.மீ. என்றால் 1 லட்சம் கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 14 செ.மீ. பந்து. பூமி 1.3 மி.மீ., குண்டூசித் தலை. பந்தை மேசையில் வைத்துவிட்டு, குண்டூசியை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, “பூமியைச் சரியான தூரத்தில் கொண்டுபோய் வை” என்று சொல்லி நிறுத்துங்கள். ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். தாராள மனசுக்காரர்கள் ஒரு மீட்டர் போவார்கள். சரியான இடம் 15 மீட்டர், வகுப்பறைக்கு வெளியே. நிலா அந்தக் குண்டூசியிலிருந்து 4 செ.மீ. தூரத்தில். நெப்டியூன் 450 மீட்டரில். அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரிக்குப் போக 4,000 கி.மீ. நடக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒளி. இந்த அளவுகோலில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 செ.மீ., எறும்பு வேகம். ஒரு பிள்ளையைச் சூரியனிலிருந்து பூமி வரை அந்த வேகத்தில் நகரச் சொன்னால் 8 நிமிடம் 20 நொடி ஆகும். முதல் நிமிடம் சிரிப்பு. நான்காவது நிமிடத்தில் ஓர் அமைதி வரும் பாருங்கள், அதற்காகவே இதைச் செய்யலாம். பாடநூலில் கோள்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் படத்தை அதன் பிறகு அவர்கள் பழையபடி பார்ப்பதில்லை.

வீட்டுப் பொருள்களை வைத்துச் செய்யும் சோதனைகள் மொத்தமாக வேண்டுமென்றால் யுனெஸ்கோவின் பழைய அறிவியல் ஆசிரியர் கையேடு ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அழிந்த பள்ளிகளுக்காக 1948-இல் ஒரு சிறு நூலாக வந்து, 1956-இல் விரிந்து, 1973-இல் திருத்தி எழுதப்பட்டது. யுனெஸ்கோவின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வகமே இல்லாதவர்களை நினைத்து எழுதியது என்பதால் இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் அந்தக் காலத்து நூல். பாதரசத்தைக் கையாளும் பகுதிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சிமுலேஷன், அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சோதனை, வேண்டுமென்றால் ஃபெட் (PhET). இயற்பியலில் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த வருடமே கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். இலவசம், பல மொழிகளில் இருக்கிறது, இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். புதிதாகப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் பலரும் செய்யும் தவறு, முதல் நிமிடத்திலேயே “இந்தப் பொத்தானை அழுத்து, அந்த எண்ணைக் குறி” என்று வழி நடத்துவது. முதல் ஐந்து நிமிடம் சும்மா நோண்ட விடுங்கள். அவை அப்படி நோண்டிக் கண்டுபிடிக்கவே வடிவமைக்கப்பட்டவை. பிறகு கேள்வியைப் போடுங்கள்: இரண்டாவது பல்பை வரிசையாக இணைத்தால் முதல் பல்பின் வெளிச்சம் என்ன ஆகும்? எழுதிய பிறகு இணைத்துப் பாருங்கள்.

நிஜப் பொருளா, திரையா என்ற சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், ஃபெட்டின் மின்சுற்றுப் பெட்டியில் பழகிய கல்லூரி மாணவர்கள், நிஜப் பல்பும் கம்பியும் வைத்துப் பழகியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். நிஜச் சுற்றைக் கட்டச் சொன்னபோதும் முன்னே இருந்தார்கள். எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது, கம்பி பிய்ந்துவிட்டதோ என்ற கவலை இல்லை. ஆனால் ஒரு மின்கலம், ஒரு சிறு டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பி, இவற்றைக் கொடுத்து “எரிய வை” என்று சொல்லிப் பாருங்கள். பட்டம் வாங்கியவர்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பல்பின் அடிப்பொட்டு மின்கலத்தின் ஒரு முனையில் நேரே உட்கார வேண்டும், கம்பி பல்பின் திருகுப் பக்கத்திலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். பல்புக்கும் இரண்டு முனை உண்டு என்ற உண்மை விரலில் ஏறுவது அங்கேதான். திரை அதைத் தராது.

பெரியவர்களின் கைப்பேசியை வகுப்பில் பயன்படுத்த முடிந்தால் ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலியைப் பாருங்கள். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. கைப்பேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் உணரிகளை அளவுகருவியாக்குகிறது. ஒலியின் வேகத்தை இரண்டு கைப்பேசியில் அளக்கலாம். இரண்டையும் 5 மீட்டர் தள்ளி வைத்து, இரண்டிலும் சத்தம் கேட்டால் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும் கடிகாரத்தைத் தயாராக வையுங்கள். முதல் கைப்பேசிக்கு அருகில் ஒருவர் கைதட்ட வேண்டும், பிறகு இரண்டாவதுக்கு அருகில் இன்னொருவர். இரண்டு கடிகாரமும் காட்டும் நேரத்தின் வித்தியாசம் 0.03 நொடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒலி போக வர 10 மீட்டர் கடக்க எடுத்த நேரம் அது. 10-ஐ அதால் வகுத்தால் 340-க்கு அக்கம்பக்கத்தில் வரும். பேச்சுச் சத்தம் இருந்தால் கடிகாரம் கண்டபடி ஓடும். ஒரு வகுப்பு தானாக அமைதியாக இருந்த அபூர்வமான தருணம் எனக்கு இதில்தான் வாய்த்தது.

வானத்துக்கு, இரவு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம். நுண்ணோக்கி இல்லாதவர்கள் ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய மடித்த தாள் நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பைப் பார்க்கலாம். ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கும். குளத்து நீரை முதல்முறை பார்க்கும் பிள்ளை “செல் தெரிகிறது!” என்று கத்தினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். கறுத்துத் தடித்த விளிம்போடு அழகான வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழி. வேண்டுமென்றே ஒரு குமிழியை முதலில் காட்டிப் பழக்கிவிட்டால் இந்தத் தொல்லை போகும்.

பொதுமக்கள் ஆய்வில் பங்கெடுக்கும் ஸூனிவர்ஸ் தளத்தையும் சொல்ல வேண்டும். 2007-இல் விண்மீன் திரள்களின் படங்களை வகைப்படுத்தும் திட்டமாகத் தொடங்கி வளர்ந்தது. அந்த முதல் வருடத்திலேயே ஹன்னி வான் ஆர்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, ஒரு படத்தில் யாரும் கவனிக்காத வினோதமான ஒளிரும் மேகத்தைப் பார்த்து “இது என்ன?” என்று கேட்டார். அது புது வகைப் பொருள். இன்று அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. இந்தக் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வேலை என்னவோ அலுப்பானது, இருபது நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

இப்போது என் சொந்தப் பிழை. தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்கு நீர் போனது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு இதுவே சாட்சி என்று நான் பல வருடம் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் ஒரு மாணவி, “சுடர் அணைந்த பிறகுதானே சார் நீர் வேகமாக ஏறுகிறது?” என்று கேட்டாள். பதில் இல்லை. வீட்டுக்குப் போய் ஒரே டம்ளரில் ஒரு மெழுகுவர்த்தி, பிறகு மூன்று வைத்துப் பார்த்தேன். மூன்று வைத்தபோது நீர் அதிகம் ஏறியது. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் ஒரே அளவுதானே! நடப்பது பெரும்பாலும் இதுதான்: சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவி படிகிறது, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனின் இடத்தில் கரியமில வாயு வேறு வருகிறது. பழைய விளக்கம் இன்றும் பல காணொளிகளில் உலவுகிறது. அதனால் அந்தச் சோதனையை விட்டுவிடவில்லை. இப்போது அதையே “இணையத்தில் இப்படிச் சொல்கிறார்கள், சரியா என்று எப்படிச் சோதிப்பீர்கள்?” என்று கேட்டு நடத்துகிறேன். முன்பைவிட நல்ல வகுப்பாக இருக்கிறது.

இதேபோல் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாதவை இன்னும் உண்டு. இனிப்பு நுனியில், கசப்பு அடியில் என்று சொல்லும் நாக்கு வரைபடம் தவறு, நாக்கின் எல்லாப் பகுதியிலும் எல்லாச் சுவையும் தெரியும். விமான இறக்கையின் மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் பின்முனையில் சேர்ந்தாக வேண்டும், அதனால்தான் விமானம் மேலெழுகிறது என்ற விளக்கமும் தவறு. இவற்றைச் சொல்லும் காணொளி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தச் சேனலின் மற்றவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பொருள்களை விற்பவர்கள் அடிக்கடி காட்டும் ஒரு கூம்புப் படம் உண்டு: படிப்பதில் 10 சதவீதம் நிற்கும், கேட்பதில் 20, செய்வதில் 90 என்று. அந்த எண்களுக்கு ஆய்வு அடிப்படை கிடையாது. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வரைந்த மூலக் கூம்பில் எண்களே இல்லை, யாரோ பின்னால் ஒட்டியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கற்கும் பாணி, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துத் தனித்தனிப் பொருள் வாங்கச் சொல்வார்கள். அப்படிப் பொருத்திக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மெய்நிகர்க் கண்ணாடி (VR), புள்ளி கொடுக்கும் விளையாட்டுச் செயலி இவற்றைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை. என் வகுப்பில் கண்ணாடி மீதான ஆர்வம் மூன்றாம் முறையில் வடிந்துவிட்டது, ஒரே வகுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை. திறந்த மேசையில் மெத்தனால் ஊற்றிப் பல வண்ணச் சுடர் காட்டும் சோதனையில் மாணவர்கள் கடுமையாகத் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். அமெரிக்க வேதியியல் கழகமே அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. காணொளியில் பார்க்க அழகாக இருக்கும், செய்யாதீர்கள். வண்ணம் வேண்டுமென்றால் உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைச் சுடரில் காட்டினால் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சொல்லும் சோதனைகளுக்கும் இதே எச்சரிக்கை. அவற்றை நான் வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறேன்: “இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் எப்படியெல்லாம் தவறாக யோசிப்பார்கள்?” என்று கேட்டால் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் முன் வைக்க நல்ல தவறான விடைகள் கிடைக்கின்றன.

காணொளி போட்டே ஆக வேண்டும் என்றால் மூன்று, நான்கு நிமிடத்துக்குள் இருப்பதாக எடுங்கள். ஒலியை அணைத்துவிட்டுப் போட்டு, என்ன நடக்கிறது என்று பிள்ளைகளை வர்ணிக்கச் சொல்லுங்கள். ஒலியோடு இரண்டாம் முறை ஓட்டும்போது அவர்கள் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

அடுத்த பாடம் வெப்பம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒன்று. ஒரே அளவிலான இரண்டு பனிக்கட்டிகள். இரண்டையும் தனித்தனிச் சிறு பிளாஸ்டிக் பைகளில் போட்டு வாயைக் கட்டுங்கள். ஒன்றைத் தட்டில் அப்படியே வையுங்கள், மற்றதைத் தடித்த கம்பளித் துணியில் நாலைந்து சுற்று சுற்றி வையுங்கள். எது முதலில் உருகும் என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். கம்பளி சூடு தரும், ஆகவே அதற்குள் இருப்பதுதான் என்று பலர் எழுதுவார்கள். அரை மணி கழித்துப் பிரித்துப் பாருங்கள். பை போடாமல் விட்டால் துணி நனைந்து, உருகிய நீரையும் உறிஞ்சி, எதில் எவ்வளவு மிச்சம் என்று ஒப்பிட முடியாமல் போகும். பனிக்கட்டி பெரிதாக இருக்கட்டும், சிறியதை எடுத்தால் நீங்கள் வருகைப் பதிவை முடிப்பதற்குள் இரண்டுமே நீராகியிருக்கும்.